ஹார்மோன் மாத்திரை: எந்தத் தொல்லை எதனால்?

கேள்வி
18 ஏப்ரல் 2024

அக்கா, எனக்கு 49 வயசு. தூரம் நின்னு ஒன்றரை வருஷம் ஆச்சு. ராத்திரி நாலஞ்சு தடவை குப்புன்னு வேர்த்து எழுந்துடுவேன். டாக்டரம்மா ரெண்டு மாத்திரை குடுத்தாங்க. ஒண்ணு ஈஸ்ட்ரோஜன், இன்னொண்ணு புரோஜெஸ்டரோன். மூணு வாரம் ஆச்சு. வேர்க்கிறது பாதி குறைஞ்சிருச்சு. ஆனா மார்பு கல்லு மாதிரி கனக்குது, உள்பாடி போட முடியல. காலைல குமட்டல். வயிறு ஊதிக்குது. நேத்து லேசா ரத்தம் வேற பட்டுச்சு. நாத்தனார், "உடனே நிறுத்து, அது கேன்சர் மாத்திரை"ங்கிறாங்க. நிறுத்திடவா? எடுத்துப் பார்த்தவங்க யாராவது சொல்லுங்க.

20 ஏப்ரல் 2024

நீங்களாக நிறுத்தாதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டும் கிடக்காதீர்கள். திங்கட்கிழமை டாக்டரம்மாவைப் பார்த்து இந்த நாலையும் இப்படியே சொல்லுங்கள், ரத்தம் பட்டதை முதலில் சொல்லுங்கள்.

நேற்றுத் தேர்தல் வேலை முடிந்து, இயந்திரங்களை ஒப்படைத்துவிட்டுத் திருச்சியில் வீடு வந்து சேர இரவு இரண்டு மணி. படுக்குமுன் உங்கள் கேள்வியைப் படித்தேன், தூக்கம் போய்விட்டது. 2022 ஜூலையில் இதே நாலு தொல்லையோடு நானும் உட்கார்ந்திருந்தேன். கேட்க ஆளில்லை.

மார்பு கனப்பதும் குமட்டலும் ஈஸ்ட்ரோஜனுடைய வேலை. அளவு உங்கள் உடம்புக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். வயிறு ஊதுவது, மனசு சோர்வது, தலை கனப்பது எல்லாம் மற்ற மாத்திரையின் பக்கம். முதல் சில மாதங்கள் அங்கங்கே ரத்தம் படுவது பலருக்கும் உண்டு. மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் அடங்கும். அதற்கு மேலும் பட்டால் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கர்ப்பப்பை இருக்கிறவர் ஈஸ்ட்ரோஜனை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடக் கூடாது. ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்வரியை வளர்த்துக்கொண்டே போகும். அதை அடக்கி வைக்கத்தான் இரண்டாவது மாத்திரை. தனியாக ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களுக்குக் கர்ப்பப்பைப் புற்று கூடுவதை 1975லேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இன்னொன்று. ஒரு கால் மட்டும் கெண்டைச்சதையில் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், பேச்சு குழறினால், யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள்.

21 ஏப்ரல் 2024

நான் நிறுத்திய கதையைச் சொல்கிறேன். நேற்று அரைத் தூக்கத்தில் விட்டுவிட்டேன்.

எனக்குக் கடைசியாக வந்தது 2020 நவம்பரில், 48 வயதில். அடுத்த ஏப்ரல் 6ஆம் தேதி சட்டமன்றத் தேர்தல். கொரோனா காலம். முகக்கவசம், அதன்மேல் கண்ணாடித் தடுப்பு, கையுறை. வாக்குச்சாவடியில் மின்விசிறி ஒன்றுதான், அதுவும் முகவர்கள் பக்கம். பதினொரு மணிக்கு நெஞ்சிலிருந்து ஒரு நெருப்பு கிளம்பிக் கழுத்து, முகம், உச்சந்தலை வரை ஏறியது. மை வைக்கிற கை நடுங்கியது. "டீச்சருக்குக் காய்ச்சல்" என்று யாரோ சொல்ல, வரிசையே பத்தடி பின்வாங்கியது. வெப்பமானி வைத்துப் பார்த்தார்கள், 97.8. அன்று பன்னிரண்டு தடவை வந்தது. நான் கணக்கு வாத்தியார், எண்ணாமல் இருக்க மாட்டேன்.

ஓராண்டு பொறுத்தேன். முதலில் பார்த்த இடத்தில், "ஐம்பது ஆகப் போகுது, இனி எதுக்கு கர்ப்பப்பை, எடுத்துடலாமே" என்றார்கள். இப்படித் திடீரென்று ஏறும் வெக்கை மூளையிலிருந்து வருகிறது. உடம்பின் சூட்டைக் காக்கும் ஹைப்போதலாமஸில் உள்ள சில நரம்பணுக்கள் ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் தறிகெட்டு வேலை செய்வதால் வருகிறது. கர்ப்பப்பையை எடுத்தால் அது எப்படி நிற்கும்? கூடவே சூலகத்தையும் எடுத்துவிட்டால் வெக்கை இன்னும் கூடும். அன்று இதைக் கேட்க எனக்குத் தெரியவில்லை. பயந்து எழுந்து வந்தேன் என்பதுதான் உண்மை.

2022 ஜூனில் வேறொரு டாக்டர் காலையில் 2 மி.கி. எஸ்ட்ராடயோல் வலரேட் என்ற ஈஸ்ட்ரோஜன், கூடவே செயற்கை வகையான மெட்ராக்சி புரோஜெஸ்டரோன் என்று எழுதிக் கொடுத்தார். மூன்றே வாரத்தில் வெக்கை போனது. ஆனால் மார்பு தொட முடியவில்லை. காலை வழிபாட்டில் நிற்கும்போது குமட்டும். மாலையானால் காரணமில்லாமல் அழுகை. விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் கொட்டும். ஆறாவது வாரம் இரண்டு அட்டையையும் எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

அடுத்த வாரமே ரத்தப்போக்கு. பத்தாவது நாள் வெக்கை முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பியது. இரண்டு மாதம் இப்படி. பிறகுதான் மறுபடி தொடங்கி, தாளில் குறிக்க ஆரம்பித்தேன். அதுவரை எந்த மாத்திரை எதைச் செய்தது என்று ஒரு நாள்கூட நான் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டும் ஒரே வேளை, ஒரே தண்ணீர், ஒரே கோபம்.

21 ஏப்ரல் 2024, இரவு

ஒரு நாள்காட்டித் தாளை மடித்து நாலு கட்டம் போடுங்கள்: வெக்கை எத்தனை தடவை, மார்பு, வயிறு, மனசு. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். ரத்தம் பட்டால் சிவப்புப் புள்ளி. மாத்திரை மாற்றிய நாளில் ஒரு கோடு. டாக்டரம்மா முன் உட்கார்ந்தால் நமக்குப் பாதி மறந்துபோகும், இந்தத் தாள் மறக்காது.

28 ஏப்ரல் 2024

நாத்தனார் சொன்ன கேன்சர் பேச்சுக்கு வருகிறேன். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உலகமே 22 வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

2002 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். பெண்கள் நல முன்முயற்சி என்று பெயர். கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்கள். பாதிப் பேருக்கு ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்சி புரோஜெஸ்டரோனும், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. ஐந்து வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடிய பிறகு, மார்பகப் புற்று 26 விழுக்காடு கூடியது என்று செய்தி வந்தது. பத்திரிகைகளில் அந்த 26தான் கொட்டை எழுத்து.

பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்கிறேன். 10,000 பெண்கள், ஒரு வருஷம். வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 30 பேருக்கு மார்பகப் புற்று. ஹார்மோன் எடுத்தவர்களில் 38 பேருக்கு. 30க்கு 8 கூடினால் அதுதான் அந்த விழுக்காடு. 10,000க்கு 8 என்றும் அதையே சொல்லலாம். இரண்டும் சரியான கணக்கு. எதைச் சொன்னால் எவ்வளவு பயம் வரும் என்பதில்தான் வித்தியாசம். அந்த 8 பேரும் மனுஷிகள், நான் அதை லேசாகச் சொல்லவில்லை. பக்கவாதம் 21லிருந்து 29 ஆனது. ரத்தக்கட்டி 16லிருந்து 34 ஆனது, அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. இடுப்பெலும்பு முறிவு 15லிருந்து 10ஆகக் குறைந்தது, இதை யாரும் கொட்டை எழுத்தில் போடவில்லை.

அந்தப் பெண்களின் சராசரி வயது 63. நம்மைப் போல் 49, 50இல் வேர்த்துக் கொட்டி வந்தவர்கள் அவர்களில் கொஞ்சம் பேர்தான். அவர்கள் எடுத்த ஈஸ்ட்ரோஜன் சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுப்பது, வாய்வழி மாத்திரை. கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இன்னொரு பிரிவும் இருந்தது, 2004இல் அதையும் நிறுத்தினார்கள். அங்கே பக்கவாதம் கூடியது, மார்பகப் புற்று கூடவில்லை.

60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருஷத்துக்குள் தொடங்கினால் பலருக்கும் தீமையைவிட நன்மையே கனமாக இருக்கிறது என்பதுதான் இன்றைய மருத்துவ நிலை. மார்பகப் புற்று வந்தவர், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்தவர், கல்லீரல் நோய் உள்ளவர், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர் ஆகியோருக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. உங்கள் அம்மா, சித்தி, அக்கா யாருக்காவது மார்பில் கட்டி வந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். நம் வீடுகளில் அதை அடுத்த தலைமுறைக்குச் சொல்வதே இல்லை.

5 மே 2024

அக்னி நட்சத்திரம் நேற்றுப் பிறந்தது. வெளியே 105, உள்ளேயும் வெக்கை. மாத்திரைக்குப் பதில் தோலில் பூசும் ஈஸ்ட்ரோஜன் ஜெல்லை இதில் தடவுவது எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள்.

நான் 2022 அக்டோபரில் மாத்திரையை விட்டு ஜெல்லுக்கு மாறினேன். மாற்றிய டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். வாயில் போடும் ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ரத்தம் உறையவைக்கும் பொருள்களைக் கூட்டிவிடுகிறது. தோல்வழி போனால் அந்தச் சுற்று இல்லை. வழக்கமான அளவில் ரத்தக்கட்டி கூடுவதாக ஆய்வுகளில் காணவில்லை. எனக்குக் குமட்டல் அந்த வாரத்தோடு போனது.

என் புட்டியில் ஒரு அழுத்துக்கு 0.75 மி.கி. எஸ்ட்ராடயோல். ஒரு அழுத்தில் தொடங்கினேன். தோள்பட்டைக்குக் கீழே கையின் வெளிப்புறம், அல்லது தொடையின் உட்புறம். மார்பில் தடவவே கூடாது. தேய்த்துத் தேய்த்து ஊறவைக்க வேண்டியதில்லை, மெல்லப் பரப்பிவிட்டு ஐந்து நிமிடம் காய விட்டால் போதும். ஒரு மணி நேரம் அந்த இடத்தில் தண்ணீர் படக் கூடாது.

வேர்வைதான் எதிரி. காலையில் தடவி ஜாக்கெட் போட்டுப் பேருந்தில் நின்றால் பாதி மருந்து துணிக்குத்தான். நான் இரவு எட்டு மணிக்குக் குளித்து, நன்றாகத் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தொடையில் தடவுகிறேன். எண்ணெய்க் குளியல் நாளில் சீயக்காய் போட்டு எண்ணெய்ப் பசை போகக் கழுவிய பிறகுதான். தடவியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வீட்டில் பேரன் பேத்தி இருந்தால் தடவிய இடத்தில் அவர்கள் தோல் படக் கூடாது, குழந்தை உடம்புக்குள்ளும் அது போகும். என் தங்கை பேத்தி மடியைவிட்டு இறங்க மாட்டாள். அவள் வந்தால் காய்ந்த பிறகு பாவாடைக்கு உள்ளே ஒரு கால்சட்டை போட்டுக்கொள்வேன்.

ஜெல்லால் எனக்கு வந்த ஒரே தொல்லை கணுக்கால் வீக்கம். மாலையில் செருப்பு வார் பதிந்துவிடும்.

9 மே 2024

ஏப்ரல் 20 அன்று நான் எழுதியதில் ஒரு தவறு. மார்புக் கனம் ஈஸ்ட்ரோஜனால் என்று ஒரே பக்கமாகச் சொல்லிவிட்டேன். இரண்டாலும் வரும். என் பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். எஸ்ட்ராடயோலைப் பாதியாக்கிய வாரம் 3லிருந்து 2 ஆகியிருக்கிறது, மெட்ராக்சியை மாற்றிய பிறகுதான் 0.

கேள்வி கேட்ட தங்கைக்கு அளவை 2 மி.கி.யிலிருந்து 1 ஆக்கியிருக்கிறார்களாம், இரவுச் சாப்பாட்டோடு போடச் சொன்னார்களாம். குமட்டல் போய்விட்டது என்று எழுதியிருக்கிறார். எனக்கே வயிறு குளிர்ந்தது.

11 ஜூன் 2024

கணுக்கால் வீக்கம் ஜெல்லால் என்று மே 5 அன்று எழுதியிருந்தேன். தயவுசெய்து அதை நம்பி யாரும் ஜெல்லை விட்டுவிடாதீர்கள். தப்பு என்னுடையது.

பள்ளி திறந்த முதல் நாள் நேற்று. இரண்டு கால்களும் கொழுக்கட்டை மாதிரி. மாலையில் டாக்டரிடம் போய் ஜெல்லை மாற்றுங்கள் என்றேன். அவர் என் மருந்துச் சீட்டையெல்லாம் மேசையில் பரப்பினார். பிரஷருக்கு அம்லோடிபின் 5 மி.கி. பிப்ரவரியில் வேறொரு டாக்டர் எழுதியது. வீக்கம் தொடங்கியது மார்ச்சில். ஜெல் தொடங்கி அப்போது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அம்லோடிபினுக்குக் கணுக்கால் வீக்கம் ஊரறிந்த பக்கவிளைவாம். பிரஷர் மாத்திரையை வேறு வகைக்கு மாற்றியிருக்கிறார்.

தேதிகள் என் நோட்டிலேயே இருந்தன. ஒரு மருந்தின்மேல் சந்தேகம் விழுந்துவிட்டால் வருகிறதையெல்லாம் அதன் தலையில் கட்டுகிறோம். கால் இரண்டும் சமமாக வீங்கியதால்தான் டாக்டர் பதறவில்லை. ஒரு பக்கம் மட்டும் என்றால் அன்றே ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பேன் என்றார்.

14 ஜூலை 2024

தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படியுங்கள். நம்மில் பாதிப் பேர் எடுக்கிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எங்கள் ஆசிரியர் அறையில் ஒன்பது பெண்கள், நாலு பேர் காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின்.

நான் 75 மைக்ரோகிராமில் ஏழு வருஷம் நிம்மதியாக இருந்தேன். 2022இல் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தொடங்கிய ஆறாவது வாரம், முடி கொட்டல், மலச்சிக்கல், உடம்பெல்லாம் கனம். தைராய்டு போதாவிட்டால் ஏறும் டி.எஸ்.எச்., ரத்தப் பரிசோதனையில் 8.6. அந்த அழுகையில் எவ்வளவு இதனால், எவ்வளவு மெட்ராக்சியால் என்று இப்போது பிரிக்க வழியில்லை. டாக்டர் 100 ஆக்கினார்.

காரணம் பிறகு புரிந்தது. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் கல்லீரலை முடுக்கி, தைராய்டு ஹார்மோனைக் கட்டிப்பிடித்து வைக்கும் ஒரு புரதத்தைக் கூட்டுகிறது. கட்டுண்ட ஹார்மோன் வேலை செய்யாது, மிச்சம் குறைந்துபோகும். ஆரோக்கியமான தைராய்டு தானே கூடுதலாகச் சுரந்து சரிக்கட்டிவிடும். மாத்திரையை நம்பியிருக்கும் நமக்கு அது முடியாது, அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

கதை அங்கே முடியவில்லை. அக்டோபரில் ஜெல்லுக்கு மாறினேன். தோல்வழி போனால் அந்தப் புரதம் கூடாது. ஆனால் தைராக்சின் 100இலேயே நின்றுவிட்டது. யாருக்கும் நினைவில்லை, எனக்கும்தான். டிசம்பரில் படபடப்பு, கை நடுக்கம், கரும்பலகையில் கோடு நேராக வரவில்லை. ஜெல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு வாரம் தடவாமலே இருந்தேன். டி.எஸ்.எச். பார்த்தால் 0.1. திரும்ப 75க்கு வந்ததும் எல்லாம் அடங்கியது.

ஆக, ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தொடங்கினாலும், நிறுத்தினாலும், மாத்திரையிலிருந்து ஜெல்லுக்குப் போனாலும், ஆறிலிருந்து எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கால்சியம் மாத்திரையும் போடுகிறவர்கள் தைராக்சினுக்கும் அதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

15 ஜூலை 2024

புரோஜெஸ்டரோனை எத்தனை மணிக்குப் போடுவது என்று கேட்டிருக்கிறார்கள். உடம்பில் சுரப்பதைப் போலவே செய்த இயற்கை நுண்துகள் புரோஜெஸ்டரோன் என்றால் படுக்கும்போதுதான். எனக்கு 100 மி.கி. உருண்டை, தினமும். மருந்துக்கடைப் பையன் அட்டையைப் பார்த்துவிட்டு, "மகளுக்கு எத்தனை மாசம்மா?" என்றான். கர்ப்பம் தங்குவதற்கும் இதே உருண்டைதான் கொடுக்கிறார்கள், அவனுக்கு அது மட்டும்தான் தெரியும். "எனக்குத்தாம்ப்பா" என்றதும் அவன் முகம் போன போக்கு! மாதவிடாய் நின்ற பிறகும் இதைக் கொடுப்பார்கள் என்று விளக்கினேன், இரண்டு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள், அவர்களும் கேட்டுக்கொண்டார்கள்.

உறையில் அவன் காலை என்று டிக் போட்டுக் கொடுத்திருந்தான். அப்படியே போட்டேன். முதல் பாடவேளை, எட்டாம் வகுப்பு, இயற்கணிதம். சாராயம் குடித்தவள் போலத் தலை சுற்றி மேசையைப் பிடித்துக்கொண்டேன். உடம்பு அதை உடைக்கும்போது மயக்க மருந்தைப் போல மூளையை அமைதிப்படுத்தும் ஒரு பொருள் உண்டாகிறது. பகலில் அது தொல்லை. இரவு பத்து மணிக்குப் போட்டால் அதே பொருள் தாலாட்டு. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக விடிய விடியத் தூங்கினேன்.

2 ஆகஸ்ட் 2024

இன்றைக்கு மருந்து பற்றி இல்லை.

நாளை ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபத்துக் கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது என் அம்மா நினைவு வந்தது. எனக்குப் பதினாறு வயது இருக்கும். அம்மாவுக்கு 46. மார்கழி நடுச்சாமத்தில் கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்கும். அம்மா புடவையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டு நிற்பாள். பிறகு திண்ணையில் பனைவிசிறியை விசிறிக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருப்பாள். பகலில் எரிச்சல், அழுகை. காத்துக் கருப்பு பட்டுவிட்டது என்றார் பாட்டி. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கூட்டிப்போய் வேப்பிலை அடித்தார்கள். ஆறு மாதம். அம்மா வாய் திறக்கவில்லை. எனக்கும் அது பேய் என்றுதான் மனசுக்குள் இருந்தது, பக்கத்தில் படுக்கப் பயந்தேன்.

பெரியவளான பிள்ளைக்கு உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்து, மாமன் சீர் வைத்து, ஊரைக் கூட்டிக் கொண்டாடும் ஊர் இது. அந்த ரத்தம் நிற்கும்போது ஒருத்தியும் பக்கத்தில் வந்து உட்கார்வதில்லை.

அம்மா இல்லை இப்போது. இருந்திருந்தால் அந்தத் திண்ணையில் நானும் போய் உட்கார்ந்திருப்பேன்.

22 செப்டம்பர் 2024

பயந்துபோய் எழுதுகிறேன். ஜெல்லும் உருண்டையுமாக ஏறக்குறைய இரண்டு வருஷம். ஒன்றரை வருஷமாக ஒரு பொட்டு ரத்தம் இல்லை. புதன்கிழமை பட்டது. வியாழனும்.

முதல் ஆறு மாதத்தில் பட்டால் காத்திருக்கலாம் என்று உங்களுக்கெல்லாம் சொன்னவள் நான். இது அது இல்லை. அடங்கிய பிறகு புதிதாக வந்தால் காத்திருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமையே போனேன். உள்வழி ஸ்கேன் எடுத்தார்கள். உள்வரி 8 மி.மீ. நிற்கும் முன்பு இது ஒன்றுமே இல்லை, நின்ற பிறகு இது அதிகம். கர்ப்பப்பைக்குள் சிறு கேமரா விட்டுப் பார்த்துச் சதையைச் சோதனைக்கு எடுக்க வேண்டுமாம். அடுத்த வாரம்.

உருண்டையை ஏதாவது நாள் விட்டேனா என்று நோட்டைப் புரட்டினேன். ஆகஸ்டில் தங்கை வீட்டுக் காதுகுத்துக்குப் போனபோது நாலு நாள் விட்டிருக்கிறேன், ஜெல் மட்டும் தடவியிருக்கிறேன். முதல் நாள் உங்களுக்கு அழுத்திச் சொன்னதையே நான் செய்யவில்லை. டாக்டரிடம் சொல்லிவிட்டேன். நாலு நாளில் இப்படி ஆகாது, ஆனாலும் இனி விடாதீர்கள் என்றார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் காப்பி போட்டுக் கொடுத்தார். இந்த நாலு வருஷத்தில் அவர் ஒருமுறைகூட "என்ன மாத்திரை இது" என்று கேட்டதில்லை. நேற்று அட்டையைக் கையில் எடுத்துக் கண்ணாடி போட்டுப் படித்தார்.

8 அக்டோபர் 2024

பாலிப். சாதாரணச் சதை வளர்ச்சி. எடுத்துவிட்டார்கள். சோதனை முடிவில் புற்று இல்லை. காலையில் போய் மாலையில் வீடு. அடிவயிற்றில் மூன்று நாள் பிடிப்பு இருந்தது, அவ்வளவுதான்.

ஜெல்லைத் தொடரலாம் என்றார். உருண்டைக்கு அலைபேசியில் இரவு 9.45க்கு மணி வைத்திருக்கிறேன்.

17 நவம்பர் 2024

மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை முடித்த ஒருவர் கேட்டிருக்கிறார். ஹார்மோன் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், வெக்கையோடு சாக வேண்டியதுதானா என்று.

இல்லை அம்மா. ஹார்மோன் இல்லாத மருந்துகள் உண்டு. மனச்சோர்வுக்கான சில மருந்துகள் குறைந்த அளவில் வெக்கையைக் குறைக்கின்றன. ஆனால் புற்று திரும்பாமலிருக்க நீங்கள் டாமாக்சிபென் எடுப்பதால் அவற்றில் சில, முக்கியமாகப் பராக்சிடின், அதன் வேலையைக் கெடுக்கும். எனவே புற்று மருத்துவரே தேர்ந்தெடுக்கட்டும். காபாபென்டினை இரவில் கொடுப்பதும் உண்டு. வெக்கையைக் கிளப்பும் அந்த நரம்பணுக்களையே பிடித்து அடக்கும் பெசோலினெட்டன்ட் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். அதற்குக் கல்லீரல் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும்.

தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் சாப்பிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் ஆறு மாதம் சாப்பிட்டேன், என் தாளில் ஒரு கட்டமும் மாறவில்லை. உங்கள் நிலையில் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள். செடி என்பதால் அது ஹார்மோன் வேலை செய்யாது என்றில்லை.

கீழே எரிச்சல், வறட்சி, அடிக்கடி மூத்திரத் தொற்று இருப்பவர்கள் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அந்த இடத்துக்கு மட்டுமான ஈஸ்ட்ரியால் களிம்பு இருக்கிறது, உடம்புக்குள் ஏறுவது மிகக் கொஞ்சம். வெக்கை தானே ஒருநாள் அடங்கும், இது அடங்காது. எத்தனை பேர் கல்யாண வீட்டுக்குப் போவதையே இதனால் நிறுத்தியிருக்கிறார்கள்.

16 நவம்பர் 2025

ஒரு வருஷம் கழித்து வருகிறேன். அமெரிக்க மருந்துத் துறை, ஹார்மோன் மருந்து அட்டைகளில் கறுப்புக் கட்டம் கட்டிப் போட்டிருந்த எச்சரிக்கையில் மாரடைப்பு, பக்கவாதம், மார்பகப் புற்று பற்றிய பகுதிகளை எடுக்கப்போவதாக இந்த மாதம் அறிவித்திருக்கிறது. கர்ப்பப்பை இருப்பவர் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுப்பதற்கான எச்சரிக்கை இருக்கும். "பார்த்தீர்களா, ஆபத்தே இல்லை" என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிறது. அப்படி இல்லை. 10,000க்கு 8 என்று நான் சொன்ன கணக்கு அழிந்துபோகவில்லை. மாத்திரையில் ரத்தக்கட்டி கூடுவதும் அழிந்துபோகவில்லை. 2002இல் பயந்து ஓடியவர்கள் இப்போது கண்ணை மூடிக்கொண்டு ஓடிவர வேண்டாம். வயது, பிரஷர், குடும்பத்தில் யாருக்கு என்ன என்பதைச் சொல்லிக் கேட்டு எடுங்கள்.

முதல் கேள்வி கேட்ட தங்கை ஜெல்லுக்கு மாறி எட்டு மாதமாம். இரவு ஒரு தடவைதான் எழுந்திருக்கிறாராம், அதுவும் தண்ணீர் குடிக்க. நாத்தனாருக்கும் வெக்கை தொடங்கிவிட்டதாம், டாக்டரிடம் கூட்டிப்போனது இவர்தான்.

3 டிசம்பர் 2025

எனக்கு 53. டாக்டர் ஜெல்லைக் குறைத்துப் பார்க்கலாம் என்கிறார். ஒருநாள் விட்டு ஒருநாள். பொங்கல் விடுமுறையில் தொடங்குகிறேன், வகுப்பு இல்லாத நாளில் வெக்கை வந்தால் சமாளிக்கலாம். புதுத் தாள் மடித்தாயிற்று.

நாளை வருடாந்திர மேமோகிராம், மார்பகத்துக்கான எக்ஸ்ரே. காலை 8.30க்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அக்குளில் பவுடர் போட்டுக்கொண்டு போகாதீர்கள், படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி தெரியுமாம், போன வருஷம் அதனால் எனக்கு இரண்டு தடவை எடுத்தார்கள். பவுடர் டப்பாவை இன்றிரவே எடுத்துப் பரணில் வைத்துவிட்டேன்.